ஐந்து ஏன், ஒரு மீன்குழம்பு

கல்யாணம் ஆகாதவன் குடும்ப விஷயத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் கம்பெனி பஸ்ஸின் எழுதப்படாத சட்டம். எனக்கு முப்பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை, வாயை மூடி வைக்கும் பழக்கமும் இல்லை.

அந்த வியாழக்கிழமை காலை, பஸ் ஒரகடம் தாண்டும்வரை என் லைனில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தபடியே வந்தான். கல்யாணமாகி எட்டு மாதம்தான். முந்தின நாள் அவன் மனைவி கோபித்துக்கொண்டு வாலாஜாபாத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"துணிமணியோட போனாக்கூட பரவால்லண்ணா. மீன்குழம்புச் சட்டியையும் தூக்கிகினு பூட்டா. அப்டின்னா திரும்பி வர ஐடியாவே இல்லதானே?" என்றான்.

பஸ்ஸில் அனுபவசாலிகளுக்குப் பஞ்சமா? ஒருவர், "மூணு நாள் கண்டுக்காத. என் வூட்டுல தானா வந்துடும்" என்றார். இன்னொருவர், "நேரா போய் கால்ல வுழு. நான் இதுவரிக்கும் ஒம்போது தபா வுழுந்துகீறேன்" என்று பதக்கம் வாங்கியவர்போல நெஞ்சை நிமிர்த்தினார். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மாமியாருக்கு ஒரு மிக்ஸி வாங்கிக் குடு" என்றார். மூவரும் அவரவர் வீட்டு நோய்க்கு மருந்து சொன்னார்களே தவிர, அங்கே என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். உடனே ஒன்பது தடவை விழுந்தவர், "நீயே ஒண்டிக்கட்டை. உனக்கு இன்னாயா தெரியும்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "மாட்டு டாக்டர் இன்னா, போன ஜென்மத்துல மாடா இருந்தாரா?" என்று கத்தினேன். பஸ்ஸே சிரித்தது. நண்பன் மட்டும் சிரிக்கவில்லை. "நீ சொல்லுண்ணா, அவ வருவாளா?" என்றான். அந்தக் குரலைக் கேட்டதும் என் கோபம் போய் பயம் வந்துவிட்டது. வாய்ச்சவடால் விட்டாயிற்று, கையில் சரக்கு இல்லை.

இருந்தது ஒன்றே ஒன்றுதான். எங்கள் தொழிற்சாலையில் பிரேக் பாகம் ஒன்று பழுதாக வந்தால் யாரையும் திட்டக் கூடாது. ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு, கடைசி பதிலை மூல காரணம் என்று ஃபாரத்தில் எழுதி, அதற்குத் தீர்வும் எழுத வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் அந்த ஃபாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்தேன்.

மனைவி ஏன் போனாள்? லீவு போட்டு மீன்குழம்பு வைத்திருந்தாள், இவன் வேண்டாம் என்றுவிட்டான். ஏன் வேண்டாம்? கேன்டீனிலேயே வயிறு நிறைந்துவிட்டது, புதன்கிழமை கோழி பிரியாணி. ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை? ஃபோன் கையில் இல்லை. ஏன் இல்லை? கேட்டிலேயே வாங்கி லாக்கரில் வைத்துவிடுகிறார்கள். ஏன் வைக்கிறார்கள்? கம்பெனி ரூல். ஆக, மூல காரணம் கம்பெனி ரூல்! தீர்வு: வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் மெனுவை மனைவிக்கு அனுப்புவது. 'தயாரித்தவர்' என்ற இடத்தில் பெருமையாகக் கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலமே அதை வாலாஜாபாத்துக்கு எடுத்துப் போனான்.

நான் மறந்துபோனது ஒன்று. அந்தப் பெண் சுங்குவார்சத்திரம் பக்கம் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். மறுநாள் காலை ஃபாரம் திரும்பி வந்தது, நடுவில் சிவப்பு ரிஜெக்ட் ஸ்டிக்கரோடு. கீழே முத்து முத்தான எழுத்தில் எழுதியிருந்தாள்:

"கேட்ட அண்ணன் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். பதில் சொன்ன ஆள்தான் சரியில்லை. ஷிப்டு முடிந்து ரெண்டரை மணிக்கு ஃபோன் கைக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தது நாலு மணிக்கு. நடுவில் ஏன் சொல்லவில்லை?"

அதன் கீழே ஒரு வரி இடம் விட்டிருந்தாள்.

நண்பன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். ஐந்துக்கு மேல் 'ஏன்' கேட்கக் கம்பெனி எனக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. கடைசியில் அவனே பேனாவை வாங்கி, கையால் மறைத்துக்கொண்டு ஒரு வரி எழுதினான். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். எனக்குக் காட்டவில்லை. தயாரித்தவனுக்கே காட்டாத ரிப்போர்ட்டை அன்றுதான் பார்த்தேன், கடுப்பாக இருந்தது.

திங்கட்கிழமை பஸ் ஏறும்போதே அவன் முகம் சொல்லிவிட்டது. "நேத்து வந்துட்டாண்ணா" என்றான். ஒன்பது தடவை விழுந்தவர், "வுழுந்தியா?" என்றார். இல்லை என்று தலையாட்டினான்.

"அந்த வரியில இன்னாதான்டா எழுதின?" என்று பிடித்துக்கொண்டேன்.

கொஞ்சம் வெட்கப்பட்டான். "நீ சாப்டாம குந்திகினு இருப்பேன்னு எனக்குத் தோணவே இல்ல. எனக்காவ ஒருத்தர் பசியோட இருக்கறது எனக்கு இன்னும் பழகல. அப்டின்னு எழுதினேண்ணா."

ஐந்து என்ன, ஐம்பது 'ஏன்' கேட்டிருந்தாலும் இந்தப் பதிலை நான் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. எனக்காக இதுவரை யாரும் பசியோடு உட்கார்ந்ததில்லை. பொறாமையாக இருந்தது, உள்ளதைச் சொன்னால். அதைப் பஸ்ஸில் ஒத்துக்கொள்ள முடியுமா?

"சுமாரா எழுதிகீறே" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.