பதினேழாம் எண் கொட்டகை

போர்க்காலத்தில் சிப்பாய்களுக்கென்று கட்டிய நாற்பது கொட்டகைகள் அவை. சண்டை ஓய்ந்ததும் கைதிகளை அடைத்தார்கள். பிறகு காசநோய்க்காரர்களைப் படுக்க வைத்தார்கள், கடைசியில் வீடிழந்த குடும்பங்களைக் குடியேற்றினார்கள். புதிதாக வரும் ஒவ்வொரு அதிகாரியும் முதல் வேலையாகக் கொட்டகைகளின் எண்ணை மாற்றுவார். ஒருவர் வாசலிலிருந்து எண்ணினால் அடுத்தவர் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எண்ணுவார். நாற்காலிக்கு வந்ததை வேறு எப்படித்தான் ஊருக்குக் காட்டுவது?

எழுதும் வேலை பெயின்டருக்கு. மனைவியோடு இருபத்தாறு வருஷமாக அங்கேதான் குடியிருந்தார். பழைய எண்ணைச் செங்கல் தெரியச் சுரண்டி, சுண்ணாம்பு பூசி, காய்ந்த பிறகுதான் புதியதை எழுதுவார். கிழக்கு வரிசையை எழுதியவன் பக்கத்து வீட்டுக்காரன். பழையதன் மேலேயே ஒரே இழுப்பு இழுத்துவிட்டுப் போவதால் அவனுக்கு ஒத்தப்பூச்சு என்று பெயர்.

"வச்சா குடுமி, செரச்சா மொட்டைன்னு இருக்கீங்களே அண்ணே" என்று அவன் கேலி செய்வான். பெயின்டர் காதில் வாங்கியதில்லை.

இப்போது முகாமை இடிக்கப் போகிறார்கள். இருபது வருஷம் குடியிருந்ததற்கு அத்தாட்சி காட்டினால் மாற்று வீடு, இல்லாவிட்டால் தெரு. பெயின்டரின் குடியேற்றச் சீட்டில் பதினேழு என்றிருந்தது. சுவரில் இருபத்துநான்கு.

"நம்பரை மாத்தினது உங்க ஆபீஸ்தானே சார்?" என்று கணக்கெடுக்க வந்த அதிகாரியிடம் கேட்டார்.

"பழைய பதிவேடெல்லாம் மழையில போச்சு. பூச்சுக்கு அடியில பழைய நம்பர் தெரிஞ்சா எழுதிக்கறேன். மத்தியானம் வரைக்கும் பாருங்க."

ஒத்தப்பூச்சு தன் சுவரை ஈரத்துணியால் துடைத்தான். பழைய எண் பல்லிளித்தது. அவனுக்கு வீடு கிடைத்தது.

"அண்ணன் எனக்கு முந்தியே வந்தவரு சார். நான் சாட்சி சொல்றேன்."

"சுவர் சொல்லணும்ப்பா."

பெயின்டர் சுரண்டினார். விரல் கிழிந்தும் விடவில்லை. இரண்டு வருஷமாக எழுந்து நடக்காத மனைவி வாசல் கட்டிலில் கிடந்தபடி, "ஒரு கோடாவது இருக்கா பாருங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். செங்கல்தான் வந்தது. நம்ம வீடாச்சே என்று எண் மாற்றியபோது இந்த ஒரு சுவரை மட்டும் இரண்டு நாள் சுரண்டியிருந்தார்.

மத்தியானம் அதிகாரி சிவப்பு பெயின்ட் டப்பாவோடு வந்தார். "வீடு கிடைக்காத சுவருக்கெல்லாம் குறி போடணும். இங்க பெயின்டர் யாரு?"

பெயின்டரே போய் டப்பாவை வாங்கிக்கொண்டு முதலில் தன் சுவருக்கு வந்தார்.

"இதையாவது அரைகுறையா போடுங்க" என்றாள் மனைவி.

அவர் கைக்கு அது வரவில்லை.