எய்யாமல் சுமந்த அம்பு

கும்சாவின் அம்புக்கூட்டில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு அம்புகள் இருக்கும். அதில் அவனுடையவை நாலுதான். மிச்சமெல்லாம் ஊரார் கொடுத்து வைத்தவை. எங்கள் மணல்காட்டுப் பக்கத்தில் மானை அடித்தது யார் என்பது பெரிய பேச்சில்லை. யாருடைய அம்பு பாய்ந்ததோ அவருக்குத்தான் கறி சொந்தம், அவர் கையால்தான் பங்கு பிரிய வேண்டும். நன்றாகக் குறி வைக்கிறவன் தன் அம்பையே எய்துகொண்டிருந்தால் ஊர் சும்மா இருக்குமா? மூன்றாவது மானுக்கே ஆளாளுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் விவரமானவன் அடுத்தவர் அம்பைத்தான் அதிகம் சுமப்பான். கும்சா விவரமானவன்.

அவற்றில் ஒன்றை மட்டும் அவன் இரண்டு மழைக்காலமாக வெறுமனே சுமந்தான். அது உங்காவின் அம்பு. உங்காவின் புருஷன் டேபே கும்சாவோடு வேட்டைக்குப் போனவன், காய்ச்சலில் செத்துப்போனான். அவன் கடைசியாகச் செய்த அம்பை அவள் கும்சாவிடம் கொடுத்திருந்தாள். கும்சாவின் கூடப்பிறந்தவளுக்கும் உங்கா என்றே பெயர். அதனால் இவளும் அவனுக்கு அக்காதான், எங்கள் வழக்கத்தில் பெயர் ஒன்றானால் உறவும் ஒன்றுதானே. புருஷன் போன நாளிலிருந்து அடுத்தவர் நீட்டிய கறியையே தின்று வந்தவளுக்கு, தன் கையாலும் ஒருமுறை நாலு பேருக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஒரே ஆசை.

அம்பு சற்றுக் கோணல். எய்தால் தவறினாலும் தவறும். தவறட்டுமே என்று விட கும்சாவுக்கு மனம் வரவில்லை. நாலு தண்ணீர்க்குழிக்கு அப்பாலும் அவனுக்குக் குறி தவறாதவன் என்று பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் கொண்டுபோய் ஒரு கோணல் அம்பில் வைப்பானா அவன்?

ஒவ்வொரு முறை வேட்டையிலிருந்து திரும்பும்போதும் உங்கா வந்து நிற்பாள்.

"தம்பி, என் அம்பு போச்சா?"

"போச்சுக்கா. மயிரிழையில தப்பிருச்சு. தேடி எடுத்துட்டு வந்துட்டேன்."

"அதுக்கென்ன, பரவால்ல."

அவ்வளவுதான், போய்விடுவாள். எய்யாத அம்புக்குச் சொன்ன பொய்யில் அன்றைக்குத் தின்கிற கறி கும்சாவுக்கு ருசிக்காது. மறுநாள் சரியாகிவிடும். அடுத்த வேட்டைக்குப் புறப்படும்போது மறுபடியும் அந்த அம்பு கூட்டின் அடியில் கிடக்கும்.

இந்த வறட்சியில் ஒருநாள் காலை, அவன் கிளம்புகிற நேரம், உங்கா கொட்டை உடைத்துக்கொண்டே சொன்னாள்.

"மழை வந்ததும் எங்கண்ணன் இருக்கற பக்கம் போயிரலாம்னு இருக்கேன், தம்பி. இங்க எத்தனை நாளைக்கு வெறும் வாயை மட்டும் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது?"

கும்சாவுக்குச் சுருக்கென்றது. இன்றைக்கு அக்கா அம்புதான் என்று முடிவு செய்துகொண்டு நடந்தான்.

மதியம் சாய்கிற வேளையில் முறுக்குக்கொம்பு மான் ஒன்று நாற்பதடி தூரத்தில் விலா முழுக்கக் காட்டி நின்றது. அப்படி ஒரு மான் வருஷத்துக்கு ஒருமுறை நின்றால் பெரிது. அவன் கை அம்புக்கூட்டுக்குள் போனது. உங்காவின் அம்பை விரல் தொட்டது. தொட்டுவிட்டுத் தாண்டி, அதை ஒட்டிக் கிடந்த, மச்சான் சாம்கோவின் அம்பை உருவியது. எய்தான், பாய்ந்தது. எப்போதும்போல முனை மானுக்குள் தங்கிவிட, தண்டு கழன்று புல்லில் விழுந்தது. விஷம் ஏறி மான் சாய ஒரு நாள் ஆகும். கும்சா தண்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தான். வெட்கமாக இருந்தது. மனசுக்குள் தீர்மானித்ததைக் கை கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தான். கை கேட்காமல் என்ன, தன் பெயர்மேல் இருந்த ஆசைதான் கேட்கவில்லை.

பிறகு அவன் செய்ததுதான் பெரிய தப்பு. உங்காவின் அம்பிலிருந்து முனையைப் பிடுங்கிப் பைக்குள் ஒளித்தான். அவள் அம்புதான் பாய்ந்தது என்று தெரிய, மொட்டைத் தண்டை மேலாக வைத்தான். சாம்கோவின் தண்டில் தன் முனை ஒன்றைப் பொருத்தி, எய்யாத அம்புபோலக் கூட்டுக்குள் செருகினான்.

வீடு வந்து, எங்கள் வழக்கப்படி, ஒன்றுமே நடக்காததுபோல நெருப்பருகே உட்கார்ந்தான். சாம்கோ வந்தான். கும்சாவின் மனைவிக்கு அண்ணன். வேட்டைக்குப் போனால் வெறுங்கையோடு வருவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

"என்ன மச்சான், மூஞ்சி தொங்குது. எலிகூட சிக்கலையா?"

"நான் என்ன பெரிய வேட்டைக்காரன். சின்னதா ஒண்ணு கண்ணுல பட்டுச்சு."

சின்னது என்றால் பெரியது என்று எல்லாருக்கும் தெரியும். சாம்கோ குரலைத் தாழ்த்திக்கொண்டான். அவன் அம்பும் அந்தக் கூட்டில் இருக்கிறதே.

"யாரு அம்பு?"

கும்சா உங்காவின் தண்டை எடுத்து நீட்டினான். பார்த்தவர்கள் உங்காவைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து தண்டை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று கும்சா நினைத்துக்கொண்டான்.

மறுநாள் தடம் பிடித்துப் போய் மானைக் கண்டார்கள். "இந்த எலும்புக்கூட்டைத் தூக்கவா இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்தே?" என்று அடித்தவனுக்குத் தலைக்கனம் ஏறாமல் இருக்க வழக்கமாக ஏசுவதையெல்லாம் ஏசிவிட்டு அறுக்க உட்கார்ந்தார்கள். விலாப் பக்கம் அறுத்துக்கொண்டிருந்த சாம்கோவின் கை சட்டென்று நின்றது. கும்சா நிமிர்ந்து பார்த்தான். சாம்கோவின் விரல்களுக்கிடையில் ஒரு முனை. பண்ணை வேலிக் கம்பியைச் சாம்கோவே தட்டித் தட்டிச் செய்தது. உடைந்த பல் மாதிரி இருக்கிறது என்று ஊரே சிரித்த முனை, தவறிக்கூட வேறொருவருடையது ஆகாது. சாம்கோ கும்சாவை ஒரு பார்வை பார்த்தான். முனையைப் புல்லில் துடைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"என்ன மாமா, கையில குத்திருச்சா?" என்றான் ஒருவன்.

"எலும்புடா. வேலையைப் பாரு."

சாம்கோ பிறந்ததிலிருந்து ஒரு மானுக்கும் சொந்தக்காரனாக இருந்ததில்லை. அது கும்சாவுக்குத் தெரியும். சாம்கோ ஏசியிருந்தால்கூடக் கும்சா தாங்கியிருப்பான். அறுத்து முடிக்கும்வரை அவன் தலை நிமிரவில்லை.

ஊருக்கு வந்ததும் உங்கா மரத்தடியில் உட்கார்ந்து பங்கு பிரித்தாள். யாரும் முணுமுணுக்கவில்லை, அவ்வளவு நேர்த்தி. முதல் பங்கை, பெரிய பங்கை, சாம்கோவுக்குக் கொடுத்தாள். எல்லாரும் தத்தம் நெருப்புக்குப் போன பிறகு கும்சாவிடம் வந்தாள்.

"தம்பி, விஷம் வைக்கறப்போ எல்லாரும் வெளியில உக்காந்துதானே வைக்கறீங்க?"

"ஆமாக்கா."

"ரெண்டு மழையா நானும் எட்ட இருந்து பாக்கறேன். எல்லா அம்புக்கும் வச்சே. என்னுதுக்கு ஒருதரம்கூட வைக்கல. டேபே வச்சது எப்பவோ உதுந்துபோச்சு. வெறும் அம்புல எப்படிப்பா இத்தனை பெரிய மான் விழுந்துச்சு?"

கும்சா நெருப்புக்குள் ஒரு சுள்ளியைத் தள்ளினான்.

"கொடுக்கறப்போ நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா சாம்கோ கொடுக்க வேண்டியது, அவன் தண்டுல உன் முனை மாட்டியிருந்ததை நேத்து ராத்திரியே உன் கூட்டுல பாத்துட்டேன். தெரிஞ்சுதான் கொடுத்தேன், அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு இருக்கு. சரி, என் முனையக் குடு."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் அதை டேபேயின் தண்டில் பொருத்தி, சாம்கோவைக் கூப்பிட்டு அவன் கையில் வைத்தாள்.

"எனக்கா? நான் எய்தா மரத்துக்குத்தான் காயம்."

"தெரியும். ஆனா நீ எய்வே."

"அக்கா, நாளைக்கே நான் விஷம் வச்சு..." என்று கும்சா ஆரம்பித்தான்.

"வேணாம்பா" என்றாள். குரலில் கோபமே இல்லை.

எட்டு நாள் கழித்து சாம்கோ வேட்டையிலிருந்து வெறுங்கையோடு வந்தான். அம்பு போச்சு, தவறிவிட்டது என்று உங்காவிடம் சொன்னான். அவள் சிரித்தாள். எந்தப் பக்கம் போச்சு, எவ்வளவு கிட்டத்தில் தவறிச்சு, மான் திரும்பிப் பார்த்துச்சா என்று துருவித் துருவிக் கேட்டாள். கும்சா பக்கத்து நெருப்பிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு மழைக்காலத்தில் அவனிடம் அவள் இதில் ஒன்றையும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.