பதினொரு நிமிடம் மூத்தவள்

மியொங் சோ-தம் (1996–2025). பிறந்த ஊர் சுன்சொன். பிறந்த நேரம் டிசம்பர் 31, இரவு 11.53. அவளுடைய இரட்டைத் தங்கை யூ-தம் பிறந்தது ஜனவரி 1, அதிகாலை 12.04.

பிறக்கும்போதே ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டிலும் மேலும் ஒரு வயது என்பது எங்கள் பழைய கணக்கு. அதன்படி, பிறந்த ஏழாவது நிமிடத்திலேயே சோ-தமுக்கு இரண்டு வயது ஆகிவிட்டது. தங்கைக்கு ஒன்றுதான். தாயார் டிசம்பர் 31 அன்று ஒரு பானைக் கடற்பாசிச் சூப் வைப்பார். பிறந்தநாள்காரி அதைச் சுடச்சுடக் குடிப்பாள். மிச்சத்தை மறுநாள் காலையில் சூடாக்கித் தங்கைக்குக் கொடுப்பார். தாயார் இறந்தபின் சூப் வைக்கும் வேலையும் சோ-தமுக்கே வந்தது. அவள் அரிசிப் பலகாரக் கடையில் விடியற்காலை முதல் ஆவிக்கலன் முன் நின்று சம்பாதித்தாள். யூ-தம் அரசுத் தேர்வுக்குப் படித்தாள்.

2022 மே மாதம் இருவரும் எங்கள் ஆய்வு நிலையத்துக்கு வந்தார்கள். இருபது வயதுக்கு மேற்பட்ட இளம்பெண்களின் உறக்கம், உணவு, நடை, மனநிலை ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டு, இரத்தத்தில் உள்ள அடையாளங்களைக் கொண்டு உடலின் வயதைக் கணிக்கும் ஆய்வு அது. பெயரும் அடையாள அட்டையும் முகமும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது என் பணி.

பிறந்த தேதிப்படி அவ்வாண்டு இருவருக்கும் வயது இருபத்தைந்து. சோ-தமின் இரத்த வயது இருபத்தொன்பது; யூ-தமுக்கு இருபத்தைந்து. மூன்று நான்கு ஆண்டுப் பிழை இந்தக் கணிப்பில் இயல்பு. அடுத்த மே மாதம் சோ-தமுக்கு முப்பத்துநான்கு வந்தது, யூ-தமுக்கு இருபத்துநான்கு. உடனடி நூடுல்ஸ், நான்கு மணி நேர உறக்கம் என்று எழுதியிருந்தவள் யூ-தம்தான்.

முடிவைப் படித்ததும் அவள் சிரித்தாள்.

"ஏய் கிழவி! அடுத்த மாசம் பழைய வயசுக் கணக்கை ஒழிக்கிற புதுச் சட்டம் வந்தா உனக்கும் எனக்கும் ஒரே வயசு. அப்புறம் அக்கான்னு கூப்பிட மாட்டேன், பேர் சொல்லித்தான்."

"தாராளமாக் கூப்பிடு. சோறு மட்டும் நீயே ஆக்கிக்கோ."

"ஐயையோ, அப்ப அக்காவாவே இரு!"

சோ-தமும் சிரித்தாள். அவளுடைய காதோரம் நரைத்திருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

அந்த ஆண்டு அவள் கடையில் பகல் முறைக்கு மாறினாள். எட்டு மணி நேரம் உறங்கினாள். ஏரிக்கரை மூடுபனியில் நாள்தோறும் நடந்தாள். படிவத்தில் எல்லாம் நேர்மையாக எழுதியிருந்தாள். 2024 மே மாத முடிவு: சோ-தம் நாற்பத்தொன்று, யூ-தம் இருபத்திரண்டு.

ஒரு வாரம் கழித்து இருவரும் என் மேசை முன் வந்து நின்றார்கள்.

"ஐயா, திட்டக் கூடாது," என்றாள் யூ-தம். "மெஷின்தான் தப்பாச் சொல்லுதான்னு பாக்க நாங்க அட்டையை மாத்திக்கிட்டு வந்தோம். சோ-தம்ங்கிற பேர்ல ரத்தம் கொடுத்தது நான்."

இரத்தம் கொடுக்க வந்த அன்று நான் அட்டையையும் முகத்தையும் பார்த்தேன்; பொருந்தின. மரபால் இருவர் இரத்தமும் ஒன்றே என்பதால் ஆய்வகத்துக்கும் வேறுபாடு தெரிய வழியில்லை. மறுபடியும், இம்முறை அவரவர் அட்டையோடு, இரத்தம் எடுக்கச் செய்தேன். சோ-தம் நாற்பத்தொன்று. யூ-தம் இருபத்திரண்டு. வயது இரத்தத்தோடு போகவில்லை, பெயரோடு போயிற்று.

முடிவைப் படித்த யூ-தம் தன் அட்டையை அக்காளின் கையில் திணித்தாள்.

"ஒரு வருஷம் நீ நானா இரு. உன் பேரை நான் சுமக்கிறேன்."

"பைத்தியமாடி உனக்கு?"

"சும்மா இரு. பதினொரு நிமிஷம் முந்தி வந்ததுக்கு எவ்வளவு நாள்தான் நீயே கட்டி அழுவ?"

அன்று நான் தடுத்திருக்க வேண்டும். பதிவேட்டில் எழுதவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

அடுத்து நடந்ததைச் சோ-தமே பின்னர் என்னிடம் கூறினாள். இலையுதிர் காலத்துக்குள் அவளுடைய நரை மறைந்தது. படிகளில் மூச்சு வாங்கவில்லை. கடையில் அவளுக்குப் பதிலாக நின்ற யூ-தமை வாடிக்கையாளர் ஒருவர் "பெரியம்மா" என்று அழைத்தார். டிசம்பர் 31 அன்று, சோ-தம் என்ற பெயரைச் சுமந்தவள் என்பதால், முதல் கிண்ணச் சூப் யூ-தமுக்குப் போயிற்று. அவள் கரண்டியைத் தூக்கினாள்; கை நடுங்கிச் சூப் மேசையில் சிந்தியது.

"சூடா இருக்கு, அதான்," என்றாளாம் அவள்.

சூப் ஆறிப்போயிருந்தது.

மே மாதம் சோ-தம் தனியாக வந்தாள். கன்னத்தில் பள்ளி மாணவியின் நிறம். இடது மணிக்கட்டில் ஆவிக்கலன் சுட்ட பழைய தழும்பு. அதனால் இம்முறை எனக்கு ஐயமில்லை.

"தங்கை எங்கே?"

"தூங்குறா, ஐயா. எழுப்பல. அவ பையிலேர்ந்து என் அட்டையை எடுத்துக்கிட்டேன். அவ அட்டையைத் தலையணைக்கடியில வெச்சுட்டேன்."

"யோசிச்சுத்தான் செய்யறீங்களா?"

"அக்கான்னு கூப்பிட மாட்டேன்னு சொன்னவ, தூக்கத்துல அக்கா அக்கான்னு முனகுறா. இதுக்கு மேல என்ன யோசிக்க?"

பேனாவை வாங்கிப் பதிவேட்டில் பெயரை எழுதினாள். முதலெழுத்து நேராக இருந்தது; கடைசி எழுத்து கிறுக்கலாகியிருந்தது. பேனாவைத் திருப்பித் தந்த கையில் நரம்புகள் புடைத்திருந்தன.

பத்தொன்பது நாளில் அவள் இறந்தாள். இறப்புச் சான்றில் மருத்துவர் காரணம் ‘முதுமை’ என்று எழுதி, பிறந்த ஆண்டைப் பார்த்தபின் அந்தச் சொல்லை அடித்திருந்தார். யூ-தமுக்கு இப்போது இரத்த வயதும் உண்மை வயதும் ஒன்றே.

மியொங் சோ-தம் தன் பெயரைக் கடைசியாக எழுதியது 2025 மே 14, புதன்கிழமை, காலை 9.40.