கைதட்டாமல் நுழைந்த காடு

இலங்கை மலையகத்தில் வட்டகொடைக்கு மேலே, தேயிலை மலை முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமி ஒரு விடியற்காலையில் அந்தக் காட்டுக்குள்ளிருந்து ஒரு சீழ்க்கையைக் கேட்டாள். ஓடைக்கு அந்தப் பக்கம், பனிக்குள்ளே, கண்ணாடியை நூலாக்கி யாரோ இழுப்பதுபோல அவ்வளவு மெல்லிசு. பாசி படர்ந்த கல்லில் கருநீலமாக ஒன்று அசைந்தது. பிறகு பனி மூடிக்கொண்டது.

அன்றிலிருந்து அந்தச் சத்தம் அவளை விடவில்லை. வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டில் வரிசையில் நிற்கும்போதும் கேட்டது, லயத்து வரிசை வீட்டில் தூக்கத்திலும் கேட்டது.

"கனவுல வேற சீட்டியடிக்கிற. லயத்து நாயெல்லாம் எந்திரிச்சு உக்காந்திருக்கு, நானும்தான்" என்றான் புருசன் வீரய்யா.

ஹட்டனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் யோகேஸ்வரன், ஞாயிறுகளில் ஆட்களைக் காட்டுக்குக் கூட்டிப்போய்ப் பறவை பார்ப்பவன். போனைத் திருத்தக் கொடுக்கப் போனவள் அவனிடம் சொல்லிவிட்டாள். அவன் ஒரு பறவையின் படத்தைக் காட்டினான்.

"இதுவாக்கா?"

"இதேதான் தம்பி!"

"சிங்களத்துல அரங்கயான்னு சொல்லுவாங்க. லேசுல கண்ணுல படாத ஆளு இது!"

நாடெங்கும் சாதாரண சனங்கள் தாங்கள் கண்ட பறவைகளைப் பதியும் செயலி ஒன்று அவன் போனில் இருந்தது. அதில் நாகலெட்சுமியின் பெயரிலேயே பதிந்தான். ஆனால் பக்கத்தில் 'உறுதியாகவில்லை' என்று விழுந்தது. படமோ சத்தமோ வேண்டுமாம். இல்லாவிட்டால் இந்தப் பருவத்துக் கணக்கு மூடும்போது அந்தப் பதிவை எடுத்துவிடுவார்களாம்.

"அப்ப நான் பாத்தது இல்லேன்னு ஆயிருமா?" என்று கேட்டாள். அவள் கையெழுத்துப் போடும் இடங்களிலெல்லாம் வேறு யாரோ எழுதியதுதான் இருக்கும். இது ஒன்றுதான் அவளாகச் சொன்னது.

இருவரும் ஞாயிறுகளில் ஏறினார்கள். காடு வாயே திறக்கவில்லை.

கணக்கு மூட இன்னும் ஒரு ஞாயிறுதான் மிச்சம். ஒரு மரவேரில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டே, அன்று பிடித்த ஒலியைப் போட்டுக் கேட்டார்கள். முதலில் நாகலெட்சுமியின் குரல்: "ஓய்... வாறோம் சாமி, வழி விடுங்க!" அடுத்துப் படபடவென்று கைதட்டல், ஒரு ஆளுடையதல்ல, இரண்டு ஆளுடையது. பிறகு நீளமாக ஒன்றுமேயில்லை.

யோகேஸ்வரன் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான். அவனும் பூண்டுலோயா லயத்தில் பிறந்தவன்தான். சிறுத்தை நடமாடும் காட்டின் வாயில் சத்தம் கொடுத்து நுழைவது, தோட்டத்தில் நடக்கப் பழகும்போதே பழகுவது. கை தட்டியதே இருவருக்கும் தெரியவில்லை.

நாகலெட்சுமி வாய்விட்டுச் சிரித்தாள். "நம்மளே வெரட்டிட்டு நம்மளே தேடுறோமே தம்பி!"

"அடுத்த வாரம் தட்டாம போவமாக்கா?"

அவள் சிரிப்பு நின்றது. போன மாதம்தான் கீழ் லயத்து நாயைச் சிறுத்தை தூக்கிப் போயிருந்தது.

கடைசி ஞாயிறு வெளிச்சம் வந்த பிறகே ஏறினார்கள். காட்டின் வாயில் அவள் கைகள் தாமாகவே எழும்பின. கம்பளிக்குள் அவற்றைக் கோத்து இறுக்கிக்கொண்டாள். சிறுத்தை பயம் ஒரு பக்கம். அந்த இருட்டுப் பச்சைக்குள் சொல்லாமல் நுழைவது, அடுத்த வீட்டுக்குள் கூப்பிடாமல் போவதுபோல் கூச்சமாகவும் இருந்தது.

உள்ளே பனி இலையிலிருந்து இலைக்குச் சொட்டியது. ஒரு மரத்தவளை பேச்சை நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தது. பாசியின் ஈர வாசம் மூக்கில் ஏறியது. சின்ன வயசிலிருந்து கடந்த பாதைதான். ஆனாலும் யாருடைய கனவுக்குள்ளோ கால் வைத்ததுபோல மெதுவாக நடந்தாள். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. போகவுமில்லை, கூடவே நடந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி நூல் நீண்டது.

யோகேஸ்வரன் போனை நீட்டியபடி கல்லாய் நின்றான். சீழ்க்கை மறுபடி வந்தது, மறுபடியும் வந்தது. முடிந்ததும் சந்தோசத்தில் கைதட்டப் போனவனின் மணிக்கட்டை அவள் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க தம்பி. அது இன்னும் முடிக்கல."

இறங்கி வெளிச்சத்துக்கு வந்ததும் காட்டைத் திரும்பிப் பார்த்து, தொண்டைக்குள்ளேயே சொன்னாள்: "சொல்லாம வந்துட்டோம் சாமி. கோவிச்சுக்காதீங்க."

சில நாள் கழித்து அவள் பெயருக்குப் பக்கத்தில் 'உறுதி' என்று வந்தது. வீரய்யா அந்த ஒலியைக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"அடியே, நீ தூக்கத்துல அடிக்கிறது இதேதான்."