என் மகளின் கழுத்தும் அவருக்கொரு பொன்னாடையும்

மூன்று வருடங்களுக்கு முந்திய கோடை. ரொறன்ரோவில், மோர்னிங்சைட் பக்கத்துப் பூங்கா ஒன்றில் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் உதைபந்தாட்டப் போட்டி நடந்தது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் மகள்தான் கோல் காப்பாளர். பந்தைப் பிடிக்கப் பாய்ந்தவள், எதிரணிப் பிள்ளையின் முழங்காலில் தலை மோதி விழுந்தாள். எழும்பவில்லை. "அம்மா, கழுத்து நோகுது, கை விறைக்குது" என்று அழுதாள்.

மைதானத்தில் மருத்துவப் பொறுப்பு ஒரு கைரோபிரக்டரிடம் இருந்தது. முதுகு, கழுத்து நோவுக்குக் கையால் வைத்தியம் செய்கிறவர். படித்தவர்தான், சொந்தக் கிளினிக்கும் வைத்திருக்கிறார். ஆனால் விளையாட்டுக் காயங்களைப் பார்ப்பதற்கென்று அவர்களுக்குள்ளேயே தனிப் படிப்பும் பரீட்சையும் சான்றிதழும் உண்டு என்பது எனக்கு அன்று தெரியாது. சங்கத்தாரும் அதை விசாரிக்கவில்லை. எங்கள் சங்கங்களின் வழக்கம் தெரியும்தானே? போட்டிக்குக் காசு கொடுத்த ஸ்பொன்சர் யாரோ, அவரே டொக்டர்; அந்த முறை இவர். சாப்பாட்டுக் கடைக்காரர் ஸ்பொன்சர் செய்திருந்தால் அவரையும் கழுத்துப் பார்க்க விட்டிருப்பார்கள்!

"சின்னச் சுளுக்கு. ஒரு இழுவை இழுத்தால் எழும்பி ஓடுவா" என்று அவர் மகளின் தலையைப் பிடிக்கக் குனிந்தார். படம் எடுப்பவர் கமராவோடு ஓடி வந்தார்.

அதற்குள் எதிரணிப் பக்கமிருந்து ஓர் இளம் பெண் பாய்ந்து வந்து, புல்லில் முழங்காலூன்றி, மகளின் தலையை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதேங்கோ அங்கிள். நெக்கை மூவ் பண்ணக்கூடாது. நானும் கைரோதான், ஸ்போர்ட்ஸ் சேர்ட்டிபிகேட் எடுத்திருக்கிறன். அம்புலன்சைக் கூப்பிடுங்கோ."

சங்கத் தலைவர் அவளிடம் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். "பிள்ளை, நீர் எந்த ஊர்?"

என் பிள்ளை கை விறைக்குது என்று அழுகிறாள், இவருக்கு ஊர் வேண்டுமாம்! "உவர் எங்கடை ஸ்பொன்சர், கொஞ்சம் தள்ளி நில்லும்" என்று வேறு சொன்னார். அவள் கையை எடுக்கவில்லை. "அங்கிள், நீங்கள் ஸ்போர்ட்ஸ் ட்ரெயினிங் செய்தனீங்களோ?" என்று ஸ்பொன்சரைப் பார்த்து அமைதியாகக் கேட்டாள்.

"இருபது வருசமாக் கழுத்துப் பாக்கிறன். எனக்குப் படிப்பிக்கிறீரோ?" என்றார் அவர். செய்தேன் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

"இந்தப் பிள்ளையைத் தவிர வேறை ஆராவது என்ரை மகளைத் தொட்டால் கையை முறிச்சுப்போடுவன்!" என்று கத்தினேன். அம்புலன்சையும் நானே அழைத்தேன்.

கழுத்தெலும்பு ஒன்றில் வெடிப்பு. இழுத்துத் திருப்பியிருந்தால் கை கால் வழங்காமல் போயிருக்கலாம் என்றார் மருத்துவமனை டொக்டர். மகள் பல வாரம் கழுத்துப் பட்டியோடு கிடந்து தேறினாள்.

அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். குளிர்காலத்தில் சங்கத்தின் இராப்போசன விருந்து. 'காயப்பட்ட வீராங்கனைக்கு உடனடிச் சிகிச்சை அளித்த' ஸ்பொன்சருக்குப் பொன்னாடை என்று அறிவித்தார்கள். போர்த்த யாரை அழைத்தார்கள் தெரியுமா? என்னை! கணவர் முழங்கையால் இடித்து, "போத்திட்டு வாரும், சனம் பாக்குது" என்றார்.

மேடையேறினேன். பொன்னாடையை மேசையில் போட்டுவிட்டு ஒலிவாங்கியைப் பிடுங்கினேன். "இவர் தொட்டிருந்தால் என்ரை பிள்ளை இண்டைக்கு நடக்கமாட்டாள். அவளைக் காப்பாத்தின பிள்ளையின்ரை பேரை ஆராவது கேட்டனீங்களோ? ஊரைத்தானே கேட்டனீங்கள்!"

இறங்கி வரும்போது, "மரியாதை தெரியாத பொம்பிளை" என்று ஒரு குரல் காதில் விழுந்தது.

சொல்லட்டும். இப்போது எந்த மைதானத்துக்குப் போனாலும் முதலில் மருத்துவக் கூடாரத்துக்குத்தான் போகிறேன். "உங்களிட்டை ஸ்போர்ட்ஸ் சேர்ட்டிபிகேட் இருக்கோ?" என்று கேட்ட பிறகே மகளை இறங்க விடுகிறேன். அவள் வெட்கத்தில் "அம்மா, ஸ்டொப்" என்று முகத்தை வெடுக்கென்று மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். அந்தக் கழுத்து அப்படித் திரும்புவதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும், ஊராரின் மரியாதை எனக்கு எதற்கு என்றுதான் தோன்றுகிறது.