கூடுதலாக இரண்டு பட்டை

மாமனார் விட்டுச்சென்ற பழைய வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் திருவரங்குளம் தாண்டும்போது பின்பக்கம் ‘டங்’ என்றது. வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்தது. இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்கில் ஒரு பட்டை உடைந்துவிட்டிருந்தது.

புதுக்கோட்டையில் லாரிகளுக்குப் பட்டை கட்டும் பட்டறைக்காரரிடம் கொண்டுபோனேன். உடைந்ததை மாற்றியதோடு நிற்காமல், பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாக வைத்துக் கட்டிவிட்டார்.

“இனி யானையையே ஏத்துங்க சார், அசையாது.”

உண்மைதான், அசையவில்லை. காரின் பின்புறம் சண்டைக்கு நிற்கும் பூனை மாதிரித் தூக்கிக்கொண்டது. வேகத்தடை வந்தால் பின்சீட்டில் இருப்பவரைக் கூரைக்கு எறிந்தது. முதலில் எறியப்பட்டவர் என் மாமியார்.

“மாப்பிள்ளை, என்னைப் பிடிக்கலைன்னா வாயால சொல்லிருங்க” என்றார், கொண்டையைப் பிடித்துக்கொண்டே.

பட்டறைக்காரருக்குப் போன் செய்தேன். “காலியாப் போனா தூக்கித்தான் போடும் சார். டிக்கியில வெயிட் வைங்க” என்றார். வீட்டில் பூச்சுவேலைக்கு வாங்கி மீந்த மணல் கிடந்தது. ஐந்து சாக்கில் அள்ளி டிக்கியில் அடுக்கினேன். கார் தெப்பம் போல மிதந்தது.

அந்த வாரமே மணமேல்குடியில் ஒரு நிக்காஹ். பெண்ணின் அப்பா என் அலுவலக நண்பர். பத்து வருடம் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் என்பதால் மாமியாரும் வந்தார். அறந்தாங்கி தாண்டியதும் போலீஸ் நிறுத்தியது. எஸ்.ஐ. டிக்கியைத் திறக்கச் சொன்னார்.

“மணலா? எங்கிட்டு அள்ளுனீங்க?”

“அள்ளலை சார். ஸ்பிரிங்குக்காக…”

“டிப்பர்ல கடத்துறான், மாட்டு வண்டியில கடத்துறான். பட்டுச்சேலை கட்டிக் கூட்டிட்டு வந்து கடத்துறதை இப்பத்தான் பாக்குறேன்.”

பட்டுச்சேலை காரிலிருந்து இறங்கியது.

“தம்பி, நம்பலைன்னா மூட்டையை எறக்கிட்டு நீங்களே பின்னாடி ஒக்காந்து பாருங்க” என்றார் மாமியார்.

எஸ்.ஐ. பின்சீட்டில் உட்கார்ந்தார். மூட்டைகளை இறக்கிவிட்டு, கொஞ்சம் தள்ளியிருந்த வேகத்தடையில் ஏற்றி இறக்கினேன். தொப்பி கூரையில் மோதி அவர் மூக்குவரை இறங்கியது. திரும்பி வந்ததும் இறங்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“மணல் இங்கேயே கெடக்கட்டும். நீங்க கெளம்புங்க.”

“மணல் இல்லாம நான் ஏற மாட்டேன்” என்றார் மாமியார்.

எஸ்.ஐ. யோசித்தார். அருகில் வாட்டசாட்டமான இரண்டு காவலர்கள் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள்.

“இவங்களுக்கு மணமேல்குடியிலதான் டூட்டி. ஏத்திக்கங்க.”

மாமியார் முன்சீட்டுக்கு மாறினார். காவலர்கள் பின்னால் ஏறியதும் கார் பணிவாக இறங்கியது. வழியெல்லாம் ஒரு குலுக்கல் இல்லை. ஒரு காவலர் குறட்டை விட்டே தூங்கினார்.

பந்தல் வாசலில் எங்களோடு இரண்டு காக்கிச் சட்டைகளும் இறங்கியதும் பேச்சு சட்டென்று நின்றது. நண்பர் பதறி ஓடிவந்தார்.

“என்னங்க, என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லைங்க. பாரத்துக்கு வந்திருக்காங்க” என்றார் மாமியார்.

நண்பருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் இருவரையும் பிரியாணி சாப்பிடவைத்துத்தான் அனுப்பினார்.

மாமியார் பஸ்ஸில் ஊர் திரும்பினார். மறுநாள் பட்டறைக்குப் போய், கூடுதல் பட்டைகளைக் கழற்றச் சொன்னேன். பட்டறைக்காரர் முகம் வாடிவிட்டது. “நல்ல வேலை சார் இது” என்று சொல்லிச் சொல்லிக் கழற்றினார்.

இப்போது கார் மெத்தென்று போகிறது. மாமியாரும் ஏறுகிறார், முன்சீட்டில் மட்டும்.