எர்த்து போல்டில் வைத்த பொட்டு

எழுபதுகளின் நடுவில் ஒரு ஆவணியில் என் வீட்டுக்காரி இறந்தாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் பஸ் ஏறிப் போன பிறகு டிராக்டரும் செல்ஃப் எடுக்காமல் நின்றது. ஊரில் இரண்டையும் சேர்த்துப் பேசினார்கள். எனக்கு எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பாலவனத்தம் பக்கம் ஒருவர் ஓட்டி அலுத்து விற்ற சின்ன டிராக்டர் அது. உழவு மாட்டை விற்றுவிட்டு அதை வாங்கியிருந்தேன். அதனால் வண்டி நின்றால் புஞ்சையும் நின்றது. திருச்சுழிப் பாதையில் கிடக்கிற அந்தக் கரிசல் புஞ்சைதான் எங்களுக்கு வருசச் சோறு. பிள்ளைகள் இரண்டு பேரும் என் அண்ணன் வீட்டில் மதினி கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அது எத்தனை நாளைக்கு நடக்கும்?

காலையில் குளித்துத் திருநீறு பூசிச் சாமி படத்துக்கு முன்னால் நிற்பேன். வாய் தன்பாட்டில் சிவசிவா என்று சொல்லும். ஏதாவது கேட்கலாம் என்று நினைத்தால் கேட்க ஒன்றும் இருக்காது. சூடம் தானாக அணைகிறவரை நின்றுவிட்டு வண்டிக்குப் போவேன். வண்டியிடம் போவது லேசாக இருந்தது. அது யாரைப் பற்றியும் விசாரிக்காது.

விளக்கைப் போட்டால் நன்றாக எரியும். செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம்தான், விளக்கும் கூடவே செத்துவிடும். கையை எடுத்தால் விளக்கு மறுபடி எரியும். பேட்டரிதான் போச்சு என்று கழற்றி, கோணிச் சாக்கில் வைத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

"பெரியவரே, மடியில என்ன, கைப்புள்ளையா? எறக்கி வைங்க, புள்ள ஒழுகுது பாருங்க" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. குனிந்து பார்த்தேன். ஆசிட் பட்டு வேட்டியில் ஓட்டை விழுந்துகொண்டிருந்தது. தொடை எரிந்திருக்க வேண்டும். இறக்கி வைத்தேன்.

சார்ஜ் ஏற்றின கடைக்காரர் பேட்டரியில் கோளாறே இல்லை என்றார். கொண்டுவந்து மாட்டினேன். 'டக்'. அப்புறம் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனேன். கார்பன் மாற்றினார்கள். கடையில் வைத்து ஓட்டிக் காட்டினார்கள், சும்மா பம்பரமாய்ச் சுற்றியது. வீட்டில் மாட்டினால் 'டக்'. தனித்தனியே எல்லாம் நல்லதாக இருந்தது. ஒன்றாகச் சேர்த்தால் செத்துப்போனது.

அண்ணன் வந்து பார்த்தார். "ஏலே, ரெண்டு மாடு நிக்க வேண்டிய எடத்துல இந்தக் கழுதைய நிறுத்துனியே. இப்பப் பாரு, மாடாவது பசிச்சாக் கத்தும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சோசியரப் பாத்துட்டு வாரியா?" என்றார். "பாக்கலாம்ணே" என்றேன். போகவில்லை.

ஐப்பசி மழை ஒரு ராத்திரி முழுக்கப் பெய்தது. கரிசலில் மழை பெய்த உடனே இறங்க முடியாது, கால் முழங்கால்வரை போகும். வெயில் பட்டு, ஈரம் கொஞ்சம் உள்ளே வாங்கி, மண் உதிரும்போதுதான் பதம். அந்தப் பதத்தில் சோளத்தை விதைத்து உழுது மூடிவிட வேண்டும். தப்பினால் மண் கல்லாய் இறுகிவிடும். அடுத்த மழை வருமா என்பது மேலே இருக்கிறவருக்குத்தான் தெரியும். மற்ற நாளாக இருந்தால் இரண்டு ஜோடி மாட்டைக் கட்டி இழுத்தாவது வண்டியைக் கிளப்பியிருப்பேன். பதத்தில் யார் மாடு கொடுப்பார்? அவரவர் மாடு அவரவர் புஞ்சையில் நின்றது. அண்ணன் மாடும்தான். ஆள் வைத்துத் தள்ளலாம் என்றால் ஈரத்தில் சக்கரம் நகரவில்லை.

பந்தல்குடி ரோட்டில் லாரிகளுக்கு வயர் வேலை பார்க்கிற பாய் ஒருவர் இருந்தார், வீரசோழன்காரர். சைக்கிளில் போய்க் கூப்பிட்டேன். கையில் இருந்த லாரியை முடித்துவிட்டு வந்தார்.

விளக்கைப் போடச் சொன்னார். பட்டனை அழுத்தச் சொன்னார். 'டக்'. பேட்டரியைச் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு வயரை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியிலும் மறு முனையை இன்ஜினிலும் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப அமுக்குங்க அண்ணாச்சி" என்றார். இன்ஜின் உறுமி ஒரு சுற்றுச் சுற்றியது. அவர் சட்டென்று கையை உதறினார். வயர் சூடாகி நாற்றம் அடித்தது.

"எர்த்து இல்ல. கரண்டு திரும்புற வழி அடைச்சிருக்கு. வேற ஒண்ணுமில்ல" என்றார்.

"அப்ப அந்த வயரயே கட்டிவிட்டுருங்களேன் பாய்."

"இது தாங்காது. உருகிரும். எங்க உங்க எர்த்து பட்டை?"

குனிந்து தேடினார். பேட்டரியிலிருந்து வருகிற பட்டை வண்டிச் சட்டத்தில் ஒரு போல்டில் முறுக்கியிருக்கும். அந்த போல்டைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அது போல்டாகவே தெரியவில்லை. சந்தனமும் குங்குமமும் எண்ணெயும் வருசா வருசம் மேலுக்கு மேல் ஏறி, சின்ன அம்மன் முகம்போல் உருண்டு நின்றது.

எங்கள் வீட்டில் ஆயுத பூசைக்குப் பொட்டு வைத்தால் பழைய பொட்டைத் துடைக்கிற வழக்கம் இல்லை. அதன் மேலேயே புதுப் பொட்டு. பொட்டை அழிப்பது நல்ல காரியமா? அரிவாள், மண்வெட்டி, உரல் எல்லாம் அப்படித்தான். வண்டி வந்த முதல் வருசம் அவள் தலைமுழுகி வந்து ஸ்டியரிங், டயர், மட்கார்டு என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்து, கடைசியில் அந்த போல்டிலும் வைத்தாள்.

"அங்க எதுக்குடி?" என்றேன்.

"இந்தாருங்க, அதுவும் வண்டிதான? அது மட்டும் மூளியா நிக்கணுமா?" என்றாள்.

அவள் இறந்த வருசம் துக்க வீடு என்பதால் பூசை கும்பிடவில்லை. மேலே இருந்தது போன வருசம் அவள் வைத்தது. மோதிர விரல் பதிந்த குழி அப்படியே இருந்தது.

"உள்ள ஈரம் எறங்கித் துரு புடிச்சிருக்கும். சுரண்டி முறுக்குனாப் போதும்" என்ற பாய், கத்தியை என் பக்கம் நீட்டினார். "இத நான் தொடக்கூடாது அண்ணாச்சி. நீங்களே எடுங்க."

"வேற போல்டுக்கு மாத்த முடியாதா?"

அவர் பட்டையை இழுத்துக் காட்டினார். குட்டைப் பட்டை. எட்டவில்லை. புதுப் பட்டை வாங்க டவுனுக்குப் போய்த் திரும்பினால் பொழுது சாய்ந்துவிடும். வெயில் நன்றாக ஏறியிருந்தது. தூரத்தில் அண்ணன் மாட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது. அவர் பாதிப் புஞ்சை முடித்திருந்தார்.

பாய் பீடி பற்றவைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

சுரண்டினேன். சிவப்பு வந்தது, மஞ்சள் வந்தது, எண்ணெய்ப் பிசுக்கு, மறுபடி சிவப்பு. எல்லாம் கீழே விரித்திருந்த என் துண்டில் விழுந்தது. அடியில் பச்சைப் பொடி, அதற்கும் அடியில் துரு. இரும்பு வெள்ளையாகத் தெரிகிறவரை சுரண்டினேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கை வேலையைச் செய்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாய் பட்டையை மணல் தாளால் தேய்த்து மாட்டி, ஸ்பானரைப் போட்டு முறுக்கினார். பட்டனைத் தொட்டதும் வண்டி கிளம்பிவிட்டது. "அணைக்காம ஓட்டுங்க, பேட்டரி ஏறட்டும்" என்று சொல்லிவிட்டுச் என் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தவர் நடந்தே ரோட்டுக்குப் போனார்.

துண்டில் விழுந்ததைக் கால் படுகிற இடத்தில் கொட்டக்கூடாது. மடியில் கட்டிக்கொண்டேன். கூலிக்கு வந்தவர்கள் சோளத்தை வீசிக்கொண்டே முன்னால் போக, கொத்துக் கலப்பையைப் போட்டுப் பின்னால் உழுது மூடினேன். பொழுது இறங்குவதற்குள் புஞ்சை முடிந்தது. கிணற்றடியில் மடியை அவிழ்த்தால் வியர்வையில் எல்லாம் கரைந்து வேட்டியோடு ஒட்டியிருந்தது. வேட்டியை அலசி, அந்தத் தண்ணீரை வேப்பமர மூட்டில் ஊற்றினேன். ஆசிட் ஓட்டையும் சிவப்புக் கறையுமாக அந்த வேட்டி ரொம்ப நாள் இருந்தது.

சோளம் முளைத்தது. பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

தலைத்திவசம் முடிந்து வந்த ஆயுத பூசைக்கு மதினி வந்து பொட்டு வைத்தார். ஸ்டியரிங், டயர், மட்கார்டு என்று வந்து, அந்த போல்டுக்கு விரலைக் கொண்டுபோனார்.

"அங்க வேண்டாம் மதினி" என்றேன்.

"ஏன் கொழுந்தனாரே?"

"எர்த்து."

அவருக்கு விளங்கவில்லை. விரலில் எடுத்த குங்குமத்தைப் பக்கத்துத் தகட்டில் வைத்துவிட்டு, "சரி, சூடத்தப் பொருத்துங்க" என்றார்.